பழைய வண்டியும் புதிய கால்களும்

நம்மில் பல பேர் வீட்டில் ஓர் அரிவாள்மணை இருக்கும். "இது எங்கள் பாட்டி காலத்து அரிவாள்மணை" என்று வீட்டுக்காரி பெருமையோடு சொல்லுவாள். கொஞ்சம் துருவிக் கேட்டால்தான் விஷயம் வெளிவரும். அலகு தேய்ந்து போயிற்று என்று அம்மா காலத்தில் கொல்லன் பட்டறையில் புதிதாக அடித்துப் போட்டார்கள். கட்டை உளுத்துப் போயிற்று என்று பத்து வருஷத்துக்கு முன்னால் தச்சர் வேறு கட்டை இழைத்துக் கொடுத்தார். பாட்டியின் கை பட்ட அணு ஒன்றுகூட அதில் பாக்கியில்லை. ஆனாலும் அது பாட்டியின் அரிவாள்மணைதான். பொய் சொன்னாள் என்று அந்த வீட்டுக்காரியை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. வாழைக்காய் ஒழுங்காக நறுக்குகிற வரையில் அங்கே தத்துவத்துக்கு வேலை இல்லை.

இதே கேள்வி அரிவாள்மணையை விட்டு இறங்கி மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டால் மட்டும் பெரிய சண்டையாகிவிடுகிறது. அறுபது வயதான ஒரு வண்டிக்கு இன்றைய வண்டிகளில் இருப்பது போன்ற முன் ஃபோர்க்கும் சக்கரமும் பூட்டலாமா, கூடாதா? பழைய வண்டிகளைப் போற்றுகிற அன்பர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சாரார், கோயில் சிலைக்குப் பொய்ப்பல் கட்டிவிட்டதுபோல் பதறுவார்கள். இன்னொரு சாரார், "ஓடுவதற்குத்தானே ஐயா வண்டி? பூஜை அறையில் வைப்பதற்கா?" என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை ஓயமாட்டேன் என்கிறது.

கதை எழுதுகிறவனுக்கு ஒர்க்ஷாப்பில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியால் ஒரு வீட்டில் மூன்று பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள்; அந்த வீட்டில் என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். ஃபோர்க் என்பது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் தீர்ப்புச் சொல்லப் போனால், அது மருந்தின் பெயர் தெரியாமல் வைத்தியம் பார்ப்பதுபோல் ஆகும்.

மோட்டார் சைக்கிளுக்கு எதிரே நின்று பாருங்கள். முன் சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு கால்கள் இறங்கி அச்சைப் பற்றிக்கொண்டு நிற்கும். அதுதான் ஃபோர்க். உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் கொண்ட குழாய்கள் அவை. ஒன்றுக்குள் ஒன்று ஏறி இறங்கும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது வில் அமுங்குகிறது. அமுங்கிய வில் குழந்தை மாதிரித் துள்ளிக்கொண்டே இராமல் எண்ணெய் அதை அடக்குகிறது. மேலே இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் பாலம் உண்டு. அந்தப் பாலத்தின் நடுத்தண்டு, வண்டிச் சட்டத்தின் தலைக்குழாய்க்குள் குண்டுமணிகளின்மேல் திரும்புகிறது. ஆகவே ஃபோர்க் என்பது வண்டிக்குக் காலும் அதுவே, கழுத்தும் அதுவே.

ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தானாகச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் நேராக ஓட ஆரம்பிக்கும். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரமும் அப்படித்தான். தலைக்குழாயின் சாய்வுக் கோட்டை மனத்தாலே தரை வரைக்கும் நீட்டுங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்குச் சில அங்குலம் பின்னால்தான் டயர் தரையில் பதிந்திருக்கும். வண்டியின் நிதானமெல்லாம் இந்தச் சில அங்குலத்தில் அடங்கியிருக்கிறது. 19 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 17 அங்குலச் சக்கரத்தையும் குட்டையான கால்களையும் பூட்டினால் வண்டியின் மூக்குத் தாழும், தலைக்குழாய் நிமிரும், அந்தச் சில அங்குலம் குறையும். ஹாண்டில்பார் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் வேகத்தில் அந்தச் சுறுசுறுப்பே நடுக்கமாகவும் மாறக்கூடும். அறுபது வருஷத்துக்கு முன் ஒருவர் வரைபடப் பலகையில் குனிந்து உட்கார்ந்து வகுத்த கணக்கு அது. காலை மாற்றுகிறவர் அந்தக் கணக்கையும் மாற்றுகிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சரி, 'அசல்' என்று உயிரை விடுகிறார்களே, அந்த அசல் எது?

என் முன்னால் வந்த வழக்கு ஒரு புல்லட்டைப் பற்றியது. ராயல் என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. 1932-இல் புல்லட் என்ற பெயரை அவர்கள் முதலில் வைத்தார்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கே செய்யத் தொடங்கினார்கள். 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அந்த வண்டி செய்வதே நின்றுபோயிற்று. பெற்றவள் போய்விட்டாள், தத்துப் போன பிள்ளை மட்டும் வங்கக் கடலோரம் அதே முகச்சாயலோடு வாழ்ந்துகொண்டிருந்தது. 1977-இல் அந்தப் பிள்ளை பிறந்த ஊரைப் பார்க்கப் புறப்பட்டது; திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. இப்போது சொல்லுங்கள், எது அசல், எது நகல்?

ஃபோர்க்கின் கதையும் இதைப்போன்றதுதான். 1930-களில் பெரும்பாலான வண்டிகளுக்கு முன்னால் இருந்தது 'கர்டர்' என்ற வகை. ஏணியைச் சாய்த்து நிறுத்தியதுபோல் இருக்கும் ஒரு சட்டமும் வெளியே தெரியும் ஒரு சுருள்வில்லும். குழாய்க்குள் குழாய் ஏறி இறங்கும் எண்ணெய் ஃபோர்க்கை 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. விற்பனைக்கு வந்த வண்டியில் வைத்தது. 1941-இல் மாட்ச்லெஸ் கம்பெனி பிரிட்டிஷ் ராணுவ வண்டிக்கு அந்த மாதிரிக் கால்களைப் பூட்டியது. போர் முடிந்த பிறகு, கர்டர் வண்டி வைத்திருந்த பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய கால்களைப் பூட்டிக்கொண்டார்கள். 1949 புல்லட் புதிய கால்களோடுதான் கடைக்கு வந்தது. இன்று எதைத் தொடக்கூடாத புராதனம் என்று காவல் காக்கிறோமோ, அது ஒரு காலத்தில் புராதனத்தைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்த புது மோஸ்தர்தான்.

தத்துவ ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடிகள். ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் வீரன் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்து வைத்திருந்ததாகவும், பலகைகள் மக்க மக்கப் புதுப் பலகை வைத்ததாகவும், கடைசியில் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதாடியதாகவும் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் ஒரு முடிச்சைக் கூடுதலாகப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் பொறுக்கிச் சேர்த்து வேறொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? கப்பலைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளை ஒரு தரம் சுற்றி வந்தால் ஹாப்ஸின் கேள்வி கற்பனையே அல்ல என்று தெரியும். ஒருவர் வேண்டாம் என்று கழற்றிய கால்கள் அங்கே தொங்குகின்றன. இன்னொருவர் அதை வாங்கிப் போய்த் தம் வண்டியில் பூட்டி, "அக்மார்க் அசல்" என்று நாலு பேரிடம் காட்டுகிறார்.

புத்த பிக்ஷு நாகசேனர் மிலிந்த மன்னனிடம் கேட்ட கேள்வி இன்னும் பழையது. அரசே, நீர் ஏறி வந்த தேரில் அச்சு தேரா, சக்கரம் தேரா, ஏர்க்கால் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார் அவர். எதுவும் தேர் இல்லை; எல்லாம் சேர்ந்தபோது நாம் வைத்துக்கொண்ட பெயர்தான் தேர். மோட்டார் வாகன ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் நாகசேனரை ஒப்புக்கொள்ள மாட்டார். சட்டத்தில் பொறித்த எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும்தான் அவருக்கு வண்டி. அவரைக் குறை சொல்லவும் முடியாது. திருட்டு வண்டியைக் கண்டுபிடிக்கப் பௌத்த தத்துவம் உதவாது அல்லவா?

இந்த அறிஞர்கள் எல்லோரும் மன்னிக்க வேண்டும். அவர்கள் கப்பலையும் தேரையும் நிற்க வைத்துவிட்டு யோசித்தார்கள். "இது அதுதானா?" என்பது நிற்கிற பொருளைப் பற்றிய கேள்வி. ஓடுகிற பொருளைப் பற்றி அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இது நிற்குமா?"

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறேன். ஆடுதுறைப் பக்கத்தில் என் சிநேகிதர் ஒருவர் டாக்டராக இருந்தார். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. 1965-ஆம் வருஷத்து புல்லட் ஒன்று வைத்திருந்தார். நடுச்சாமத்தில் பிரசவம் என்றோ பாம்புக்கடி என்றோ ஆள் வந்தால் அந்த வண்டியில்தான் போவார். அதன் சத்தம் கேட்டாலே நோயாளியின் வீட்டில் பாதி அழுகை நின்றுவிடும் என்று ஊரில் சொல்லுவார்கள். வண்டியில் ஓர் ஆணியைக்கூட மாற்ற விடமாட்டார். போகும்போது, "வண்டியை அப்படியே வெச்சுக்கோ" என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மகனுக்குக் கும்பகோணத்தில் பாங்கு உத்தியோகம். வண்டியைத் துணி போட்டு மூடி வைக்க அவனுக்கு மனம் இல்லை. தினம் ஓட்டினான். ஒரு மழை நாள் சாயங்காலம், பின்னால் மனைவி, நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளை. முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. ஆறு அங்குல டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பிடித்தான்; பிடித்துக்கொண்டே இருந்தான்; வண்டி போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸில் இடிக்காமல் ஓரத்தில் ஒடித்தான். மூவரும் சேற்றில் விழுந்தார்கள். பிள்ளைக்கு முழங்காலில் மூன்று தையல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்று தையலில் குடும்பம் மூன்றாகப் பிரிந்துவிட்டது.

"வண்டி நிக்காதுன்னா நானும் ஏற மாட்டேன், பிள்ளையையும் ஏத்த மாட்டேன் மாமா. பெரியவர் ஞாபகம் முக்கியந்தான். எனக்கு என் பிள்ளை முக்கியம்" என்றாள் மருமகள்.

"அவர் கை பட்ட பிரேக்கு அண்ணே அது. முப்பது வருஷம் ராத்திரியும் பகலும் ஓட்டினாரே, ஒரு நாள் விழுந்தாரா? வண்டி மேலே தப்பில்லே. ஓட்டுறவன் வேகத்திலே இருக்கு" என்றார் டாக்டரின் மனைவி.

மகன் ஒன்றும் பேசாமல் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். யாரோ ஒருவருடைய பழைய புல்லட். முன்னால் தங்க நிறத்தில் தலைகீழான தடித்த ஃபோர்க், கறுப்பு வார்ப்புச் சக்கரம், அகலமான டயர், இரட்டை டிஸ்க். "இப்படிப் பண்ணிட்டா பிரச்சினையே இல்லை மாமா" என்றான். அவன் கண்ணில் பிரேக்கைப் பற்றிய கவலை மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று பேரில் யார் சொல்வது நியாயம்? அந்த அம்மாளின் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. டாக்டர் ஓட்டிய சாலையில் மாட்டு வண்டியும் சைக்கிளும்தான் துணை. அவர் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை. ஓடும் வண்டிக்குள் இருக்கும் ஆற்றல், வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். நாற்பதில் சமாளித்த பிரேக்குக்கு எண்பதில் நாலு பங்கு வேலை. பழைய வண்டி பழைய வேகத்தைக் கேட்கிறது. கொடுத்தால் அது துரோகம் செய்வதில்லை. வண்டியை மாற்றுவதற்குப் பதிலாக ஓட்டுகிறவன் தன்னை மாற்றிக்கொள்ளலாமே என்பது அழகான விடைதான். ஆனால் சாலை மாறிவிட்டதே! 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிள்களில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். முன்னே போகிறவன் சட்டென்று நிற்கிறான். பின்னே வருகிறவன் நீங்களும் அப்படி நிற்பீர்கள் என்று நம்பி வருகிறான். அவனிடம் போய், "ஐயா, எங்கள் அப்பாவின் ஞாபகார்த்தமாக நான் மெதுவாக நிற்கிறேன்" என்று சொல்ல முடியுமா?

ஆகவே முதல் நியாயம் மருமகளுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒருவன் தன் பக்தியைத் தன் உயிரைக் கொண்டு செலுத்தலாம். ஒன்பது வயதுப் பிள்ளையின் முழங்காலைக் கொண்டு செலுத்தக்கூடாது. அந்தப் பிள்ளை தாத்தாவிடம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. செத்துப் போனவரின் சொல்லுக்கு மரியாதை உண்டு. அந்தச் சொல்லை அவர் எந்தச் சாலையைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

இதனால் மகன் பக்கம் தீர்ப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கும்பகோணத்தில் ஒரு பாயின் பட்டறையில் நிறுத்தினோம். பாய்க்கு எழுபதுக்கு மேல் வயது. படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு தம்பி. மாட்டியும் தரலாம். ஆனா நடுத்தண்டு நீளம் வேறே, கனம் வேறே. கடைஞ்சு வெல்டு வைக்கணும், இல்லேன்னா தலைக்குழாயைத் தொடணும். தொட்டா அப்புறம் பழைய கால் திரும்ப ஏறாது. இன்னொண்ணு. பழைய பிரேக்கு தர்ற இழுப்புக்குத்தான் இந்தச் சட்டத்தைப் பண்ணான். நீங்க ரெண்டு டிஸ்க்கைப் போட்டுச் சடார்னு பிடிச்சா, சக்கரம் நிக்கும். அந்த வேகம் எங்கே போகும்? கழுத்துக்குத்தான் போகும். அறுபது வருஷத்துக் கழுத்து. அது என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

பிறகு எழுந்து போய் வண்டியின் முகத்தைத் தடவினார். புல்லட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன் விளக்கும் வேகமானியும் அம்மீட்டரும் ஒரே வார்ப்புக் கூட்டுக்குள் இருக்கும். இரு பக்கமும் புலிக் கண் மாதிரி இரண்டு சிறு விளக்குகள். அந்தக் கூடு அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஃபோர்க்கின் மேல்பாலமே அதுதான். கால்களின் மேல்நுனி அதற்குள்ளேதான் பூட்டிக்கொண்டிருக்கிறது. அந்நியக் கால்களை ஏற்றினால் அந்த முகத்தை எடுத்தாக வேண்டும். டாக்டரின் மகன் இதை யோசித்திருக்கவில்லை. பிரேக்கை மாற்றலாம் என்று கிளம்பியவன் அப்பாவின் வண்டியுடைய முகத்தை எடுப்பதில் போய் நிற்பான். நல்ல காரணத்தோடு தொடங்குகிற மாறுதல்கள் பல இப்படித்தான், காரணம் தீர்ந்த இடத்தில் நிற்காமல் ஆசை தீர்கிற இடம் வரைக்கும் போய்விடுகின்றன. பாதுகாப்பு என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவது பல சமயம் வெறும் ஷோக்குதான். ஷோக்கு ஒரு பாவம் என்று நான் சொல்லவில்லை. தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வரட்டும் என்கிறேன்.

பாயிடம் வேறொரு யோசனை இருந்தது. அதே புல்லட் குடும்பத்தில் பின்னால் வந்த வண்டிகளின் முன் கால்களில் டிஸ்க் பிரேக்குக்கு இடம் உண்டு. அந்தக் கால்கள் இந்த முகத்துக்குள்ளேயே ஏறும். எதையும் அறுக்க வேண்டாம், வெல்டு வைக்க வேண்டாம். சக்கரமும் அதே 19 அங்குலம், அதே கம்பிச் சக்கரம். ஆகவே நான் முன்னால் சொன்ன அந்தச் சில அங்குலக் கணக்குக் கெடாது. "ஒரு டிஸ்க்கு போதும் தம்பி. வேண்டாம்னா ஒரே நாள்லே கழட்டிட்டுப் பழசை மாட்டிடலாம்" என்றார். சொந்த ரத்தத்தைத் தேடி ஏற்றுகிற வைத்தியம் என்று டாக்டர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

படிக்காத பாய் சொன்னதைத்தான் படித்தவர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகச் சங்கமான ஃபீவா 2012-இல் டுரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. தவிர்க்க முடியாத மாறுதல் என்றால் அது உறுத்தாமல் இருக்க வேண்டும், கூடுமானவரை திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய முக்கியமான அசல் பாகங்கள் வண்டியோடேயே காக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் சட்டம் இன்னும் கறார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021-இல் புராதன வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. 50 வயது கடந்த, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, எண்ணெய் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்குத்தான் அவை சாலைக்கு வரலாம். தினம் பாங்குக்குப் போக முடியாது. ஒன்று, அருங்காட்சியகத்துப் பதுமையாக இரு. அல்லது ஊரோடு ஒத்து ஓடு என்று சட்டம் வண்டியைப் பார்த்துச் சொல்லுவதுபோல் இருக்கிறது. பழசாகவும் இருந்துகொண்டு பிழைப்பையும் நடத்துகிற பிராணிகளுக்கு - மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் - எந்தச் சட்டப் புத்தகத்திலும் வசதியான இடம் கிடையாது.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது டாக்டரோடு போன ஒரு பயணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே வண்டியின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு திருக்கோடிக்காவுக்குப் போனார். அங்கே பழைய கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாகக் கட்டினார். பத்தாம் நூற்றாண்டுக் காரியம். பழைய கற்களில் அதற்கு முந்தின காலத்துச் சாசனங்கள் இருந்தன. யாரோ எந்தக் காலத்திலோ விளக்கெரிக்கக் கொடுத்த நிலமும் பொன்னும். கட்டடம் மாறும்போது கல் போகும். கல்லோடு சாசனமும் போகும். அந்த அம்மையார் அவற்றையெல்லாம் படி எடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். அதோடு விடவில்லை. இவை பழைய கல்லில் இருந்ததன் படி என்ற குறிப்பையும் சேர்த்து வெட்ட வைத்தார். டாக்டர் டார்ச் விளக்கை அடித்து அந்த எழுத்துக்களைக் காட்டி, "பாத்தியா, இடிச்சிருக்காங்க. ஆனா மறைக்கலை" என்றார்.

அதே காவிரிக் கரையில், பழுது பார்க்கிறோம் என்று சுவரைச் சுரண்டி எழுத்தை அழித்த திருப்பணிகளும் உண்டு. சுவர் பளபளவென்று இருக்கும். யார் எதைக் கொடுத்தார்கள், எது எப்போது மாறியது என்று கேட்டால் அந்தச் சுவர் பதில் சொல்லாது. பழைய வண்டியின் உலகத்திலும் இந்த இரண்டு ஜாதிக் காரியமும் நடக்கிறது. நேற்றுச் செய்த பாகத்தைத் துருப்பிடிக்க வைத்துப் பழசென்று விற்கிறவர், வெளிப்படையாக டிஸ்க் பிரேக் பூட்டியவரைப் பார்த்து, "அசலைக் கெடுத்துவிட்டாய்" என்று சொல்லுவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். யார் கெடுத்தது? ஒருவர் வண்டியை மாற்றினார். இன்னொருவர் வண்டியின் சரித்திரத்தை மாற்றினார். நாளைக்கு இந்த வண்டி வேறு கைக்குப் போகும். வாங்குகிறவர், எது அறுபத்தைந்தில் பூட்டியது, எது போன வருஷம் பூட்டியது என்று தெரிந்துகொண்டு பிரேக்கைப் பிடிக்க வேண்டாமா? அந்தக் கழுத்தின் வயது தெரியாமல் அவர் எப்படி அதை நம்பி ஓட்டுவார்?

டாக்டரின் வீட்டில் இதைச் சொன்னேன். திருக்கோடிக்காவல் விஷயம் அந்த அம்மாளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "கழட்டின சக்கரத்தை எங்கே வெப்பே?" என்று மகனைக் கேட்டார். பெட்டி ஒன்று செய்து, கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, தேதியும் அதுவரை ஓடிய கிலோமீட்டரும் எழுதி வைப்பதாக அவன் சொன்னான். "மாடியிலே போடாதே. வெயில் படும். என் கட்டில் அடியிலே வை" என்றார். சம்மதம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தங்க நிறக் கால்களின் படத்தை மகன் அழித்துவிட்டானா என்று எனக்குத் தெரியாது. பின்னால் வந்த புல்லட்டின் கால்களைப் பாய் தேடி வாங்கி வைத்திருக்கிறார். பூட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள். பதில் வரும் வரைக்கும் பழைய டிரம்மைக் கடைந்து, புது லைனிங் ஒட்டி, ஈரம் புகாதபடி ஒழுங்கு செய்து கொடுத்திருக்கிறார் பாய். மகன் அதைத் தனியாக, நாற்பதுக்கு மேல் போகாமல், மழை இல்லாத நாளில் ஓட்டிக்கொண்டு போகிறான். மருமகளும் பிள்ளையும் பஸ்ஸில் போகிறார்கள்.